சூளை யார் பேரில்?

கடலூரில் ஏறிய பேருந்து குறிஞ்சிப்பாடியையும் வடலூரையும் கடந்து நெய்வேலியை நெருங்கும்போது, முந்திரித் தோப்புகளுக்குப் பின்னால் மண்மேடுகள் தெரிய ஆரம்பிக்கின்றன. மலையே இல்லாத சீமையில் சுரங்கம் கொட்டிய மலைகள் அவை. பழுப்பு நிலக்கரியை எடுக்கவேண்டுமென்றால் அதன் தலைமேல் கிடக்கும் மண்ணை முதலில் அகற்றியாக வேண்டும். 1956இல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் தொடங்கி, தோண்டத் தோண்ட, கரியோடு வெள்ளைக் களிமண்ணும் வந்தது. பீங்கானுக்கு ஏற்ற களிமண். சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கங்களில் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கிடைக்கின்றன. இவற்றைச் சேர்த்து அரைத்துச் சுட்டால் பீங்கான்.

விருத்தாசலத்துக்குச் செராமிக் ஊர் என்ற பெயர் வந்த கதை இதுதான். அரசு இங்கே செராமிக் தொழிற்பேட்டை அமைத்தது. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகம் ஒன்றை ஏற்படுத்தியது. ஊர்க்காரர்களுக்கு அது 'செராமிக் காலேஜ்'. அரசின் டான்செம் நிறுவனம் கழிவுநீர் போகும் கல்குழாய்களை இங்கே செய்தது. சிறு பட்டறைகளில் ஃபியூஸ் கட்டையும் ஊறுகாய் ஜாடியும் வெந்து இறங்கின. அப்புறம் காலம் மாறியது. கல்குழாய் இருந்த இடத்தில் பிவிசி குழாய் வந்தது. வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டு எம்சிபி மாட்டினார்கள். ஜாடிக்குப் பதில் பிளாஸ்டிக் டப்பா. ஊரின் சிறு பட்டறைகளைத் தாங்கி நிற்பவற்றில் இன்று முக்கியமானவை பொம்மையும் விளக்கும். கொலுவுக்குப் பொம்மை, கார்த்திகைக்கு அகல், அலமாரியில் வைக்கக் குதிரை, யானை, புத்தர், பிள்ளையார். இந்தப் பொருள்களைச் செய்யும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். தொழில் யாருடையது என்று பார்த்துவரத்தான் நான் போனேன்.

தொழிற்பேட்டையில் நான் முதலில் நுழைந்த ஷெட்டில் மின்விசிறி ஓடவில்லை. காற்று பட்டால் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து பொம்மை கோணிக்கொள்ளும் என்றார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பிளாஸ்டர் மோல்டுகள். இரண்டு பாதிகளைச் சேர்த்து, அறுத்த சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியவை. களிமண்ணும் தண்ணீரும் கொஞ்சம் சோடியம் சிலிகேட்டும் கலந்த கூழுக்கு ஸ்லிப் என்று பெயர். அதை மக்கில் மொண்டு மோல்டின் வாயில் நிரம்ப ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, ஸ்லிப்பின் மட்டம் இறங்குகிறது, மறுபடி ஊற்றுகிறார்கள். உள்சுவரில் மண் தோல்போலப் படிந்து தேவையான கனம் வந்ததும் மோல்டைக் கவிழ்த்து மிச்சக் கூழை வடித்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "கடியாரம் பாக்குறதில்லக்கா, வாய் ஓரம் பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றாள் ஒரு பெண். மழைக்காலத்தில் மோல்டு ஈரமாக இருக்கும், நேரம் கூடும். வெயில் காலத்தில் குறையும். அவள் விரல் நகத்தால் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள், டியூபைக் கழற்றினாள், பாதியைப் பிரித்தாள். உள்ளே ஈரம் மின்ன ஒரு குதிரை நின்றது. இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் முதுகோடு ஓடிய கோட்டைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாள். காது மட்டும் ஒடியாமல் வரவேண்டும். அதுதான் கூலி போகிற இடம் என்றாள்.

அந்த ஷெட்டில் ஊற்றுவது, சீவுவது, துடைப்பது, கிளேஸில் முக்குவது, வண்ணம் தீட்டுவது, வைக்கோல் வைத்துக் கட்டுவது எல்லாம் பெண்கள். அரைக்கும் மில்லிலும் சூளை வாயிலும் ஆண்கள். ஏன் இந்தப் பிரிவினை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சூளை வேலைக்கு வலு வேண்டும் என்பார்கள். ஸ்லிப் நிரம்பிய பெரிய மோல்டைத் தூக்கிக் கவிழ்க்கிற பெண்ணைப் பார்த்த பிறகு அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே ஒன்றை யோசித்துப் பார்க்கவேண்டும். மண்பாண்டத் தொழிலில் இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் சக்கரத்தைத் தொடுவதில்லை. மண் மிதிப்பது, கல் பொறுக்குவது, காயவைப்பது, தலையில் சுமந்து விற்பது அவர்கள் பாடு, சக்கரம் ஆணுடையது. மணிப்பூரின் ஆந்த்ரோ ஊரில் சக்கரமே இல்லாமல் பெண்களே பானை வனைகிறார்கள் என்பது அபூர்வமான மாற்று வழக்கம். மோல்டு வந்ததும் சக்கரம் தேவையில்லாமல் போயிற்று. சக்கரத்தோடு சேர்ந்து, எந்தச் சாதி மண்ணைத் தொடலாம், வீட்டில் யார் வனையலாம் என்ற பழைய விதியும் இந்த ஷெட்டுகளில் செல்லாததாயிற்று. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட எந்தப் பெண்ணும் வந்து உட்கார்ந்து தொழில் பழகலாம் என்ற நிலை வந்தது. இதை நான் சின்ன மாற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் சக்கரத்தை விட்டு நகர்ந்த வேலி, சூளைக்கு முன்னால் போய் நின்றுகொண்டது.

இதை எனக்குப் புரியவைத்தவர் சொந்தமாக அகல் விளக்குத் தொழில் நடத்தும் ஒரு பெண்மணி. ஐம்பதை ஒட்டிய வயது. பிறர் ஷெட்டில் பல வருஷம் ஃபினிஷிங் வேலை பார்த்துவிட்டு, காதுத் தோடையும் கையிலிருந்த வளையலையும் அடகு வைத்துச் சில மோல்டுகள் வாங்கி, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்திருக்கிறார். இப்போது அவரிடம் சில பெண்கள் வேலை செய்கிறார்கள். சம்பளக் கணக்கு அவர் கையெழுத்தில் ஒரு நோட்டில் இருக்கிறது. மண் எங்கே வாங்குவது, எந்த மோல்டைத் தூக்கி எறிவது, எந்த வியாபாரிக்குக் கடன் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் அவர் முடிவு. ஒரு மோல்டில் நூறு தரம்போல ஊற்றினால் விளிம்பு மழுங்கிவிடும். அதற்குமேல் ஊற்றினால் விளக்கின் மூக்கு சரியாக வராது என்று எடுத்துக் காட்டினார். அவரிடம் சூளை இல்லை.

"ஊத்துறது நானு, சீவுறது நானு. சுடுறதுக்கு மட்டும் இன்னொருத்தர் வாசல்ல போயி நிக்கிறன்" என்றார். எழுத்தாளர் இமையத்தின் கதைகளில் படித்த அந்த வட்டாரப் பேச்சு, கேட்கும்போது இன்னும் கூர்மையாக இருந்தது.

பச்சை விளக்குகளைப் பலகையில் அடுக்கி, சிறுவண்டியில் ஏற்றி, சூளை வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். சுட்டுக் கொடுக்கக் கூலி. 1200 டிகிரிக்கு மேல் ஏறும் சூளை. எரிவாயுவோ டீசலோ, எரிபொருள்தான் செலவில் பெரிய பங்கு. அதனால் சூளை முழுசாக நிரம்பினால்தான் பற்றவைப்பார்கள். நிரம்பும்வரை காத்திருக்கவேண்டும். கார்த்திகை நெருங்கும்போது சூளைக்காரர் தன் சரக்கை முதலில் சுடுவார்; அது இயல்புதான், அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் இந்தப் பெண்மணியின் விளக்குகள் தூசி படிந்து பலகையில் கிடக்கும்.

"தீபம் முடிஞ்சி மறுநாளு வெளக்கு வந்தா யாரும்மா வாங்குவா? அடுத்த கார்த்திக வரைக்கும் மூட்டையிலதான் கெடக்கணும்."

சூளைக்குள் வெடித்தால்? அது அவர் கணக்கு. அடுக்கும்போது ஒடிந்தால்? அதுவும் பெரும்பாலும் அவர் கணக்குதான். சூட்டை வேகமாக ஏற்றி எரிபொருளை மிச்சம் பிடித்ததால் விரிசல் விட்டது என்று அவருக்குத் தெரியும். பார்த்தாலே தெரியும் என்கிறார். விரிசலின் ஓரத்தில் கிளேஸ் உருண்டு மழுங்கியிருந்தால் அது ஏறும் சூட்டில் வந்தது, ஓரம் கூர்மையாக இருந்தால் ஆறும்போது வந்தது. இந்த அறிவை அவர் எந்தப் பயிலகத்திலும் படிக்கவில்லை. ஆனால் சூளைக்காரரிடம் அதைச் சொல்லி வாதாட முடியாது. அடுத்த முறை இடம் கிடைக்காது.

தொழிலுக்குச் சொந்தக்காரி என்பதற்கு அரசின் வரையறை பங்கைக் கணக்கிடுகிறது: 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம், தனி ஆளாக இல்லாத நிறுவனத்தில் 51 விழுக்காடு பெண்ணிடம் இருக்கவேண்டும் என்று கேட்டது. விருத்தாசலத்தில் அந்தக் கணக்கு எனக்குப் போதவில்லை. எந்த நாளில் நெருப்பு மூட்டுவது என்று முடிவு செய்ய முடிந்தவர்தான் இங்கே முழு உரிமையாளர். மற்றவர்கள் நூறு விழுக்காடு வைத்திருந்தாலும் பாதி உரிமையாளர்களே.

ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-14இல் நடந்தது. இந்தியாவில் பெண்கள் நடத்தும் தொழில்கள் சுமார் 80.5 லட்சம் என்றும், மொத்தத்தில் அவை 13.76 விழுக்காடு என்றும் அது சொன்னது. மாநிலங்களில் தமிழ்நாடுதான் முதலிடம்; 10.87 லட்சம். நாம் பெருமைப்படலாம். ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது: நாடு முழுக்கப் பெண்கள் நடத்தும் தொழில்களில் 83 விழுக்காட்டில் கூலிக்கு ஆள் யாருமே இல்லை. முதலாளியும் அவளே, தொழிலாளியும் அவளே. மறுபக்கம், 2019-20 ஆலைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆலை வாசல்வரை பெண்கள் வந்துசேர்ந்த மாநிலம் இது. ஒண்டியாகக் கொட்டகை போட்டுக்கொள்ளும் துணிச்சலும் இங்கே உண்டு. இரண்டுக்கும் நடுவில், பத்துப் பேருக்கு வேலை தரும் ஒரு பட்டறையைப் பெண் ஒருத்தி தன் பேரில் நடத்துவதுதான் அரிதாக இருக்கிறது. அந்த நடு இடத்தில்தான் சூளை இருக்கிறது.

வங்கிக்குப் போகலாமே என்று நான் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. போயிருக்கிறார். வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். மனைப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். மனை மாமனார் பேரில். சிறுதொழில் கடனுக்கு அடமானம் இல்லாமலே அரசு உத்தரவாதம் தரும் திட்டம் இருக்கிறது; பெண்களுக்கு அந்த உத்தரவாதத்தின் விகிதம் கூடுதல். அது அவருக்குத் தெரியாது, சொல்லவேண்டியவர் சொல்லவில்லை.

மனை மாமனார் பேரில் என்பது இந்த ஊரின் பட்டறைகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட பதில். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது; நாடு முழுக்க அது வர 2005 ஆயிற்று. இருந்தாலும் 1989 மார்ச் 25க்கு முன்பே மணமாகிப் போன பெண்களைத் தமிழ்நாட்டுச் சட்டம் வெளியே நிறுத்தியது. அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் இன்று கொட்டகை போட்டுத் தொழில் நடத்தும் வயதில் மூத்தவர்கள். 2005 திருத்தமும் அதை விளக்கிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கதவை அகலத் திறந்தன. அதற்குள் பல வீடுகளில் பாகப்பிரிவினை முடிந்து, அக்கா தங்கைகள் சீர்வரிசையோடு திருப்தி அடைந்ததாக எழுதி வாங்கியாயிற்று. 2025 ஏப்ரலிலிருந்து பத்து லட்ச ரூபாய்வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. நல்ல காரியம். அந்தச் சலுகைக்காக மட்டும் பேர் போட்டுவிட்டுப் பத்திரத்தைப் பீரோவில் வேறொருவர் பூட்டிவைத்தால் சூளைக்கு அடமானம் வைக்க அது உதவாது.

மாலையில் பழமலைநாதர் கோயிலுக்குப் போனேன். திருமுதுகுன்றம் என்பது பழைய பெயர். மணிமுத்தாற்றங்கரை. ஆற்றில் தண்ணீர் இல்லை. சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை இந்த ஆற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்ற பழமொழியை நாம் அசட்டுக் காரியத்துக்குச் சொல்கிறோம். மகளிர் குழுக் கடன் பல வீடுகளில் இப்படித்தான் போகிறது: வாங்குவது அவள் பேரில், செலவாவது கணவருடைய தேவைக்கு, தவணை கட்டும் நாளில் தேடுவது மறுபடி அவள். சுந்தரருக்குக் குளத்தில் பொன் கிடைத்தது.

குழுக்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 1983இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவாகி, 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, வங்கிப் படியேறாத லட்சக்கணக்கான பெண்களுக்கு அதுதான் முதல் கணக்குப் புத்தகம். மதுரைப் பக்கத்தில் களஞ்சியம் இயக்கத்தை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மாவுக்கு ஸ்திரீ சக்தி விருது தந்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் தலைமையை நாடு ஒப்புக்கொண்ட தருணம் அது. ஆனால் குழுக் கடன் சேமிப்பும் சிறுகடனுமாக நின்றுவிடும் இடத்தில் தொழில் நின்றுவிடுகிறது. பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்த கடனில் பத்து ஆடு வாங்கலாம். ஒரு சூளை கட்ட முடியாது.

பழமலைநாதர் கோயிலின் கற்றளிப் பணியில் செம்பியன் மாதேவிக்குப் பங்கு உண்டு. கண்டராதித்த சோழரின் அரசி, உத்தம சோழனின் தாய். கணவர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் செங்கல் கோயில்களைக் கல்லாக்கிக்கொண்டே போனவர். கோனேரிராசபுரம், ஆடுதுறை என்று அவர் தொட்ட ஊர்கள் நிறைய. அவர் அரசி, அவரால் முடிந்தது என்று தள்ளிவிடலாம். சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அரசிகள் மட்டுமில்லை, பிரமதேயத்துப் பெண்களும் வணிகர் வீட்டுப் பெண்களும் தளிச்சேரிப் பெண்டுகளும் தங்கள் பேரில் நிலமும் ஆடும் பொன்னும் நிவந்தமாக எழுதிவைத்தார்கள். இன்னாள் வைத்த விளக்கு என்று கல்லில் வெட்டினார்கள். கொடுப்பதற்கு முன் அது அவர்களுடையதாக இருந்திருக்கவேண்டும். அந்தச் சுவர்களின் முன்னால் நின்றபோது, மாமனார் பேரில் இருக்கும் மனை மேலும் உறுத்தியது.

பீங்கான் தொழிலில் பெண்கள் இந்த வேலியைத் தாண்டியதற்கு வெளியூர் உதாரணங்கள் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக் ஆன் டிரென்ட் பகுதியும் களிமண்ணால் வாழ்ந்த சீமைதான். அங்கும் வண்ணம் தீட்டும் வரிசையில் பெண்கள், அலுவலகத்தில் ஆண்கள். சூசி கூப்பர் என்ற பெண் பிறர் ஆலையில் வண்ணம் தீட்டும் வேலையில் சேர்ந்து, 1929இல் தன் பேரிலேயே நிறுவனம் ஆரம்பித்தார். பிறர் சுட்டுக் கொடுத்த வெள்ளைப் பாத்திரங்களை வாங்கி, அதன்மேல் தன் வண்ணங்களைத் தீட்டி விற்பதில்தான் அவரும் தொடங்கினார். பாத்திரத்தின் வடிவமே தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். சில ஆண்டுகளில் வடிவமைப்பையும் தன் கைக்குக் கொண்டுவந்தார். விருத்தாசலத்துக் கொட்டகைக்காரம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவங்களுக்கு யாரு சுட்டுக் குடுத்தா?" என்றுதான் முதலில் கேட்டார். சரியான கேள்வி. பக்கத்து ஆலைகள் அவருக்கு வேண்டிய பாத்திரத்தைச் சுட்டுத் தந்தன; அந்த வட்டாரத்தில் சூளைகள் ஏராளம், போட்டியும் ஏராளம்.

இன்னும் கிட்டத்தில், புதுச்சேரியில், 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் சேர்ந்து கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பித்தார்கள். உற்பத்திப் பக்கத்தை நடத்தியவர் டெபோரா. அங்கே பயின்றவர்கள் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் நாட்டின் பல ஊர்களிலும் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் கணிசம். கலைப்பொருளுக்குக் கிடைக்கும் விலை வேறு, கார்த்திகை அகலுக்குக் கிடைக்கும் விலை வேறு என்பது எனக்குத் தெரியும். என்றாலும் அந்தப் பெண்கள் பயிற்சியின்போதே சூளை அடுக்கவும் நெருப்பைப் பார்க்கவும் கற்றார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

பணம் இருந்தால் தலைமை தானாக வரும் என்பதும் உண்மையில்லை. தமிழ்நாட்டின் பெரிய தொழில் குடும்பம் ஒன்றில் நடந்ததை எல்லாரும் அறிவோம். முருகப்பா குழுமத்தின் முன்னாள் செயல் தலைவர் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமானார். அவருடைய மனைவிக்கும் மகள்களுக்கும் குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் 8 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் அணுவியல் பொறியியலில் முனைவர். இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் பொதுக்குழு அதை நிராகரித்தது. 2023 ஆகஸ்டில்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஆயிற்று. பங்குப் பத்திரம் கையில் இருந்த பெண்ணுக்கே மேசையில் நாற்காலிக்காக இவ்வளவு போராட்டம். அந்தக் குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் தொழில்துறைப் பீங்கானும் செய்கிறது என்பதால், விருத்தாசலத்தில் இருந்தபோது அந்தச் செய்தி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில். நியாயம் கிடைக்காதவர்கள் தங்கள் வழக்கைத் தாளில் எழுதி, முருகனுக்கு முகவரியிட்டு, பிராது கட்டும் கோயில். காரியம் கைகூடினால் திரும்ப வந்து பிராதை ராஜினாமா செய்யவேண்டும். காணாமல் போன மாடு, திருட்டுப் போன நகை, ஓடிப்போன கணவன் என்று பல பிராதுகள் உண்டு. அங்கே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் பொம்மைக்கு வண்ணம் தீட்டிக் கொடுக்கும் சிறு தொழில் நடத்துகிறவர். வெளியூர் வியாபாரி சரக்கெடுத்துப் போய் மாதக் கணக்காகப் பணம் தரவில்லை, போனை எடுப்பதில்லை. அதற்காகப் பிராது. அவர் நம்பிக்கையில் குறுக்கிட எனக்கு உரிமை இல்லை. வெளியே வந்ததும் இதை மட்டும் சொன்னேன்: 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறுந்தொழிலிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அதற்கென்றே மன்றம் இருக்கிறது. உத்யம் பதிவு வேண்டும், இணையத்தில் இலவசம். அவர் பதிவு செய்திருக்கவில்லை. பதிவுக்கு முன் கொடுத்த சரக்குக்கு அந்தச் சட்டத்தின் துணை கிடைப்பது கடினம். அந்தப் பணத்துக்குக் கொளஞ்சியப்பர்தான். அடுத்த சரக்குக்காவது ஆகட்டும் என்று என் கைப்பேசியிலேயே படிவத்தைத் திறந்து காட்டினேன். ஆதார் அட்டையோடு மகனை உட்காரவைத்துச் செய்துகொள்கிறேன் என்றார். நீங்களே செய்யலாம் என்றேன். வாங்கிப் பார்த்தார்.

அவர் மூலமாகத்தான் அன்று மதியம் நடந்த கூட்டத்துக்குப் போக வாய்த்தது. விளக்குத் தொழில் நடத்தும் அம்மாவும் அங்கே இருந்தார். ஊற்றுகிறவர்கள், வண்ணம் தீட்டுகிறவர்கள், விற்கிறவர்கள் என்று ஏழெட்டுப் பெண்கள். சேர்ந்து சிறிய எரிவாயுச் சூளை ஒன்று வாங்கலாமா என்பது பேச்சு. செராமிக் காலேஜில் டிப்ளமோ முடித்த ஒரு பெண் சூட்டுக் கணக்கைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். சூட்டை அளக்கும் கோன் வைத்து எப்படிப் பார்ப்பது, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று தாளில் கோடு போட்டு விளக்கினாள். மூத்தவர்கள் விரிசலைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு அவளால் சிலவற்றுக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மிச்சத்தை அவர்களே அவளுக்குச் சொன்னார்கள். பாதிப் பணம் மானியத்தோடு கடன், பாதி அவர்கள் போடுவது. கையெழுத்து மூன்று பேர் சேர்ந்து போடவேண்டும், அதில் இருவர் தொழில் செய்கிறவர்களாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். கார்த்திகை முறை எப்படி என்பதற்குச் சீட்டுக் குலுக்கல் வேண்டாம், முன்பதிவு நோட்டு போதும் என்றார்கள். அதுவரை எல்லாம் சுமுகமாகப் போயிற்று.

சூளையை எங்கே நிறுத்துவது என்ற இடத்தில் பேச்சு முட்டியது. எங்கள் வீட்டுப் பின்புறம் காலி இடம் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். விளக்குக்காரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "உன் எடம்னா சொல்ற? அது ஒங்க வீட்டுக்காரரு எடம். நாளைக்கி அவருக்கும் ஒனக்கும் பேச்சு வார்த்த இல்லாம போச்சின்னா, நாங்க எல்லாரும் பச்ச வெளக்கத் தூக்கிகினு அவருகிட்ட வந்து நிக்கணும்." அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கியது. மற்றவர்கள் வாடகைக்கு இடம் பார்க்கலாம் என்றார்கள். இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னால் கட்டிய சூளையைப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது என்பது அடுத்த தடை. பேட்டையில் பூட்டிக் கிடக்கும் ஷெட்டுகளைப் பற்றி யாரோ சொன்னார்கள். அதில் ஒன்றைக் குழுவின் பேரில், எந்த ஒருத்தியின் பேரிலும் இல்லாமல், ஒதுக்கித் தரும்படி கேட்பது என்று முடிவாயிற்று. கிடைத்தால் சூளை, கிடைக்காவிட்டால் இந்தக் கார்த்திகைக்குப் பழையபடி சூளைக்காரரிடமே, ஆனால் எல்லார் சரக்கையும் சேர்த்து ஒரே சூளையாகப் பேசி, தேதியை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது. டிப்ளமோ படித்த பெண் விண்ணப்பத்தை எழுத, ஆதார் நகல்களை விளக்குக்காரம்மா சேர்த்து வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை கடலூர் மாவட்டத் தொழில் மையத்துக்கு யார் யார் போவது, அன்றைக்கு ஊற்றுகிற வேலையை யார் பார்த்துக்கொள்வது என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் விடைபெற்றேன்.